ஓயாவுக்கு நடைபாலம்: கையெழுத்துப் போட எல்லாரும் ரெடி, அதுக்கப்புறம்?

ஓயாக்கரை (17 ஜனவரி 2026)

எல்லாருக்கும் வணக்கம். அக்கரப்பத்தனைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்துல எங்க டிவிசன். தோட்டத்துப் பேரு போடல, ஏன்னு இங்க இருக்கிற ஆளுங்களுக்குத் தெரியும்.

ஆக்ரா ஓயாவுல போய் விழுற சின்ன ஓயா (ஆறு) ஒண்ணு எங்க லயத்துக்கு, அதான் தொழிலாளர் வரிசை வீடுகளுக்கு, கீழ ஓடுது. அந்தப் பக்கம் மெயின் ரோட்டு, பஸ், ஸ்கூல், கடை. இந்தப் பக்கம் நாங்க, கோயில், மலை. நடுவுல இருந்தது வெள்ளைக்காரன் காலத்துப் பாலம். ரெண்டு தண்டவாளம், மேல குறுக்கால பலகை, ஒரு பக்கம் மட்டும் பிடிக்கிறதுக்குக் கம்பி. போன நவம்பர் கடைசியில டித்வா புயல் அடிச்ச ராத்திரி அது போயிருச்சு. விடிஞ்சு பார்த்தா ஒரு தண்டவாளம் வளைஞ்சு கெடக்கு, படம் போட்டிருக்கேன். மத்தது எங்கன்னே தெரியல, தலவாக்கலை டேம் வரைக்கும் போயிருச்சோ என்னமோ.

சுத்திப் போனா மூணு கட்டை (மைல்). நான் த்ரீவீல் ஓட்டுறேன், வண்டி அந்தப் பக்கம் கடைவாசல்ல நிக்குது, நான் இந்தப் பக்கம் நிக்கிறேன். 1990க்கு போன் பண்ணா ஆம்புலன்ஸ் ரோட்டு வரைக்கும் வந்திரும், நோயாளிய நாங்கதான் கம்பளியில தூக்கிக்கிட்டு தண்ணிக்குள்ள இறங்கணும். ரெண்டு வாரத்துக்கு முன்னாடி அப்படித்தான் மாசமா இருக்கிற ஒரு புள்ளையக் கொண்டுபோனோம். தண்ணி முழங்காலுக்கு மேல.

கோயில் கமிட்டியில பேசினோம். வீட்டுக்கு ஒரு பேர் (ஒரு நாள்) சம்பளம் குடுக்கிறதா எல்லாரும் ஒத்துக்கிட்டாங்க. சவுக்குமரம் வெட்டிப்போட்டு நாமளே கட்டிருவோம்னு ஒரு கூட்டம், எல்லாரும் கையெழுத்துப் போட்டு மகஜர் (மனு) குடுப்போம்னு ஒரு கூட்டம். உங்க ஊர்ல எப்படிச் செஞ்சீங்க? யார் யார் கைகொடுப்பீங்க?

கடைப்பையன்_செட்டியார்தெரு (17 ஜனவரி)

அண்ணே, நான் கீழ் லயம்தான், இப்ப கொழும்புல. அந்த எடத்துல அடிக்கல் எத்தனை இருக்குன்னு சொல்ல மறந்துட்டீங்க. எனக்குத் தெரிஞ்சு மூணு. ஒவ்வொரு எலெக்‌ஷனுக்கும் ஒண்ணு. அந்த மூணு கல்லையும் தண்ணியில வரிசையா வெச்சாலே பாதி ஓயாவ தாண்டிரலாம்.

ஓயாக்கரை (17 ஜனவரி)

ரெண்டுதான் தம்பி இப்ப. ஒண்ணை வெள்ளம் கொண்டுபோயிருச்சு.

சாக்பீஸ் (18 ஜனவரி)

நான் அந்தப் பக்கத்துப் பாடசாலையில படிப்பிக்கிறேன். ஒரு விசயம் மட்டும் சொல்றேன். மழை இல்லாத நாள்ல லயத்துப் பக்கத்துப் பிள்ளைங்க எல்லாரும் வந்திடுவாங்க, சப்பாத்தைக் கையில பிடிச்சுக்கிட்டு. காலையில தூறல் விழுந்தா பெரியவங்க மட்டும் வருவாங்க. ஒன்னாம் வகுப்புல பாதி வாங்கு காலியா இருக்கும். வரவு இடாப்பைப் பார்த்தே அன்னிக்கு மழையா வெயிலான்னு சொல்லிரலாம்.

போன வாரம் ஒரு அப்பா மூணு பிள்ளைங்களை ஒவ்வொருத்தரா தோள்ல தூக்கி விட்டுட்டு, திரும்பிப் போறதுக்குள்ள பெரட்டுக்கு (வேலைக்கு ஆள் எடுக்கிற நேரத்துக்கு) நேரம் தப்பி அரைப்பேர் (அரைநாள் சம்பளம்) போட்டுட்டாங்க. மகஜர் எழுதினா இதையெல்லாம் எழுதுங்க. "மக்கள் பெரும் சிரமத்துக்குள்ளாகின்றனர்"னு எழுதாதீங்க. அந்த வரியைப் படிச்சுப் படிச்சு அவங்களுக்குக் கண்ணு மரத்துப்போச்சு.

தோஹா_தம்பி (18 ஜனவரி)

நான் மேல் டிவிசன். இங்க கத்தார்ல நம்ம பக்கத்துப் பையன்க ஒரு அறையில எட்டுப் பேர் இருக்கோம். சேர்ந்து ஒரு தொகை அனுப்புறோம். ஒரு ஆசைதான், போன வருசம் தவறின எங்க அப்பா பேரை பாலத்துல ஒரு ஓரமா போடணும்.

கடைப்பையன்_செட்டியார்தெரு (18 ஜனவரி)

இதோ, பாலத்துக்கு முன்னாடி பேர்ப்பலகை வந்திருச்சு.

தோஹா_தம்பி (18 ஜனவரி)

ஏன், ஓட்டுக் கேக்கிற ஆளுங்க பேர் போடலாம், நாப்பது வருசம் கவ்வாத்து வெட்டின எங்கப்பா பேர் போடக்கூடாதா?

கடைப்பையன்_செட்டியார்தெரு (18 ஜனவரி)

கோவிச்சுக்காதீங்க அண்ணே. அது சரிதான். மன்னிச்சிருங்க.

வடம்பிடி (19 ஜனவரி)

நான் வவுனியா. கட்டுமான வேலை, பாலமும் ரெண்டு மூண்டு பார்த்திருக்கிறன். மரம் வெட்டுறதுக்கு முதல் கொஞ்சம் பொறுங்கோ, நீங்கள் போட்ட படத்தைப் பார்த்துச் சில விசயம் சொல்ல வேணும்.

உங்கட பாலம் பலகை உக்கிப் போகேல்ல. காலில்தான் அடி விழுந்திருக்கு. படத்தில நடுவில ஒரு கல்லுத்தூண் அடிப்பாகம் தெரியுது. வெள்ளத்தில வாற மரக்கட்டையும் குப்பையும் அந்தத் தூணில சிக்கியிருக்கும். பிறகு அது பாலமில்லை, அணைக்கட்டு. தண்ணி கீழால போக இடமில்லாமல் பக்கத்தால சுத்தி, கரையில இருந்த கல்லுக்கட்டின்ர அடிமண்ணை அரிச்சுப்போடும். அடி போனால் மேல இருக்கிறது தானா விழும். ஆகவே புதுசுக்கு நடுத்தூண் வேண்டவே வேண்டாம். கரைக்குக் கரை ஒரே தாவல்.

அதுக்கு ரெண்டு வழி. ஒண்டு இரும்புச் சட்டப் பாலம். துண்டுதுண்டா ஆளாள் தூக்கிக்கொண்டு வந்து அங்கயே போல்ட் போட்டுப் பூட்டலாம், கிரேன் வராத இடத்துக்கு நல்லது. மற்றது கம்பிவடத்தில தொங்குற பாலம். நேபாளத்தில 10,000க்கு மேல நடைபாலம் இருக்கு, கனக்க இந்த வகைதான். அங்க ஊர்ச்சனம் கமிட்டி போட்டு, கல்லு மணல் சுமக்கிறதும் கிடங்கு வெட்டுறதும் தாங்களே செய்யினம். வடம் கட்டுறதையும் கணக்குப் பார்க்கிறதையும் தெரிஞ்ச ஆள் செய்வார். இந்தப் பிரிப்பு முக்கியம். சிரமதானத்தால கிடங்கு வெட்டலாம், வடத்தின்ர இழுவையைக் கணக்குப் பார்க்க ஏலாது.

தொங்குபாலம் நடுவில தொய்யும். அதால ரெண்டு கரையும் வெள்ளமட்டத்தை விட நல்லா உயர்ந்திருக்க வேணும். ஒரு கரை பதிவெண்டால் (தாழ்வெண்டால்) அந்தப் பக்கம் கோபுரம் எழுப்ப வேணும், செலவு கூடும். இப்ப எனக்குத் தெரிய வேண்டியது மூண்டு: கரைக்குக் கரை எவ்வளவு, நவம்பர் வெள்ளம் எதுவரைக்கும் ஏறினது, கரையில பாறை இருக்கா மண்ணா. வெள்ளம் ஏறின இடத்தை இப்பவே அடையாளம் பண்ணுங்கோ. தேயிலைச் செடியில சிக்கியிருக்கிற குப்பைதான் சாட்சி. அடுத்த மழைக்கு அதுவும் போயிடும்.

ஓயாக்கரை (19 ஜனவரி)

அண்ணே, கயித்துல அளந்தோம், எழுபது அடிக்குக் கிட்ட. எங்க பக்கம் பாறை. அந்தப் பக்கம் மண்ணு, கொஞ்சம் பதிவுதான். குப்பையெல்லாம் மூணாவது வரிசைச் செடியில தொங்குது, நாளைக்குப் போய் துணி கட்டி வெக்கிறோம்.

தாத்தா_சொல்ல_எழுதுறேன் (20 ஜனவரி)

எங்க தாத்தாவுக்கு எண்பத்து மூணு. இதை வாசிச்சுக் காட்டினேன். அவர் சொன்னதை அப்படியே எழுதுறேன்: "பாலம் எத்தனை அடி நீளம்னு எல்லாரும் கேக்கிறான், எத்தனை அடி அகலம்னு எவனும் கேக்கல. பழைய பாலம் மூணடி. பிரேதம் தூக்கிட்டு வந்தா நாலு பேர் ரெண்டு ரெண்டா போக முடியாது. முன்னால ஒருத்தன், பின்னால ஒருத்தன், நடுவுல கயிறு. உங்க பாட்டியை அப்படித்தான் கொண்டுபோனோம், பெட்டி சரிஞ்சிருச்சு. புதுசு கட்டுறவன் பிரேதப் பெட்டிய வெச்சு அகலத்த அளக்கட்டும்."

வடம்பிடி (20 ஜனவரி)

தாத்தாவுக்கு என்ர வணக்கம் சொல்லுங்கோ. எந்தப் புத்தகத்திலயும் இப்பிடி ஒரு அளவுகோல் நான் பார்க்கேல்ல. ரெண்டு ஆள் தோளில பெட்டியோட பக்கத்துப் பக்கத்தில நடக்க அஞ்சடி வேணும். அஞ்சடி எண்டே எழுதுங்கோ.

பல்சர்_பாண்டி (20 ஜனவரி)

அஞ்சடின்னா பைக் போகும்ல? சொல்லிருங்க இப்பவே. பைக் போகாத பாலத்துக்கு நான் ஏன் காசு குடுக்கணும்?

சாக்பீஸ் (20 ஜனவரி)

தம்பி, நீங்க ஹெட்லைட் போட்டுக்கிட்டு அந்தப் பக்கம் வர்றப்போ, இந்தப் பக்கம் இருபது பிள்ளைங்க நடுப்பாலத்துல நிப்பாங்க. யார் பின்னால போறது?

பல்சர்_பாண்டி (20 ஜனவரி)

தள்ளிக்கிட்டு போறேன் டீச்சர்.

சாக்பீஸ் (20 ஜனவரி)

முதல் வாரம் தள்ளுவீங்க.

வடம்பிடி (21 ஜனவரி)

பைக் பாரம் பெரிய பிரச்சினையில்லை. நடைபாலத்துக்குச் சனம் நெருக்கி நிக்கிற பாரத்தைத்தான் கணக்கெடுக்கிறது, சதுர மீற்றருக்கு ஐந்நூறு கிலோ அளவில. ஒரு பைக் அதுக்குள்ள அடங்கும். பிரச்சினை டீச்சர் சொன்னதுதான். ரெண்டு முனையிலயும் ஒரு தூண் நட்டால் ஆள், மூட்டை, பெட்டி எல்லாம் போகும், பைக் நிண்டு இறங்கித்தான் போக வேணும்.

இன்னொண்டு. உங்கட திருவிழா எப்ப?

ஓயாக்கரை (21 ஜனவரி)

மாசி கடைசியில. கரகம் பாலிக்க ஓயாவுக்குத்தான் வருவோம். தப்பு மேளம் அடிச்சுக்கிட்டு மொத்த டிவிசனும். ஏன் கேக்கிறீங்க?

வடம்பிடி (21 ஜனவரி)

அதுக்காகத்தான் கேட்டனான். இருநூறு பேர் தப்பின்ர தாளத்துக்கு ஒரே அடியா ஆடிக்கொண்டு வந்தால் தொங்குபாலம் ஊஞ்சல் மாதிரிச் சேர்ந்து ஆடத் தொடங்கும். லண்டனில 2000ஆம் ஆண்டு ஜூனில திறந்த மிலேனியம் நடைபாலத்தையே, சனம் நடந்த நடையில பக்கவாட்டில ஆடினதால ரெண்டு நாளில மூடி, திருத்தி 2002இலதான் திரும்பத் திறந்தவை. காத்துக்கும் ஆட்டத்துக்குமா பக்கத்தால இழுவைக் கம்பி கட்டலாம். அதோட பாலத்துக்கு மேல தப்பை நிப்பாட்டுறதெண்டு கமிட்டியும் ஒரு வார்த்தை சொன்னால் நல்லது.

கடைப்பையன்_செட்டியார்தெரு (21 ஜனவரி)

தப்பை நிப்பாட்டச் சொல்லி எங்க சித்தப்பாகிட்ட நீங்களே வந்து சொல்லுங்க அண்ணே. நான் தூரத்துல நின்னு பாக்கிறேன்.

லீக்ஸ்_பாத்தி (23 ஜனவரி)

இதுவரைக்கும் வாசிச்சிட்டு சும்மா இருந்தேன். நீங்க எல்லாரும் "அந்தப் பக்கம்"னு சொல்றீங்களே, அந்தப் பக்கத்து ஆள் நான். நீங்க பாலம் இறக்கப்போற எடத்துக்குப் பக்கத்துலதான் என் லீக்ஸும் உருளைக்கிழங்கும். நவம்பர்ல பாதிப் பாத்தி போச்சு. மேல் மண்ணு ஒரு சாண் கூட மிச்சமில்ல.

பாலம் வேணாம்னு சொல்லல. என் பிள்ளையும் அதே ஸ்கூல்தான். ஆனா இந்தப் பக்கம் பதிவுன்னு நீங்களே எழுதியிருக்கீங்க. உயர்த்துறேன்னு மண்ணக் கொட்டி ஓயாவ ஒடுக்கினீங்கன்னா அடுத்த வெள்ளம் நேரா என் பாத்திக்குள்ள வரும். என்னைக் கேக்காம கல்லு வந்து இறங்கினா நான் மறிப்பேன். இப்பவே சொல்லிட்டேன்.

பல்சர்_பாண்டி (23 ஜனவரி)

வந்துட்டாருய்யா. ஒரு ஆளோட லீக்ஸுக்காக ஒரு டிவிசனே நனையணுமா?

வடம்பிடி (23 ஜனவரி)

தம்பி, அவர் சொல்றது நூறு வீதம் சரி. ஓயாவுக்குள்ள மண்ணை நீட்டினால் தண்ணிக்கு வழி சுருங்கும், வேகம் கூடும், கரையை அரிக்கும். பாதிவழி மண்ணால நிரப்பி மிச்சத்துக்கு மட்டும் பாலம் போடுறது மலிவாத் தெரியும், அது உங்கட பாலத்தையும் கொண்டுபோகும். தாவலை நீட்டி அவரின்ர பாத்திக்குப் பின்னால இறக்க வேணும், அல்லது இருபது முப்பது அடி மேல போய் ரெண்டு கரையும் உயர்ந்த இடமாப் பார்க்க வேணும். ஐயா, உங்கட பக்கத்தில மேல பாறை இருக்கா?

லீக்ஸ்_பாத்தி (23 ஜனவரி)

இருக்கு. பழைய மடுவம் (கொழுந்து நிறுக்கிற கொட்டகை) இருந்த எடத்துக்கு நேர் எதிர்ல. எங்கப்பா காலத்துல அங்க துணி துவைப்பாங்க. ஆனா அது பக்கத்துச் சிங்கள கிராமத்து ஆட்கள் நடக்கிற பாதை. அவங்களையும் கேக்கணும். அவங்களுக்கும் இந்தப் பாலம் இல்லாம கஷ்டம்தான், உங்க பக்கத்து டிஸ்பென்சரிக்கு அவங்க ஆச்சிமார் வருவாங்க.

ஓயாக்கரை (24 ஜனவரி)

ஐயா, உங்களை முதல்லயே வந்து கேட்டிருக்கணும். எங்க மேல தப்பு. ஞாயித்துக்கிழமை வீட்டுக்கு வர்றேன்.

கோப்பு_இலக்கம் (25 ஜனவரி)

நான் பிரதேச சபை ஒன்றில் பணியாற்றுகிறேன், உங்கள் சபையில் அல்ல. பொறியியலை அவர் பார்த்துக்கொள்கிறார், நான் காகிதத்தைப் பற்றிச் சொல்கிறேன். என் அனுபவத்தில் மலையகத்தில் பாலங்களை அதிகம் விழுங்கியது ஆறு அல்ல, கோப்புதான்.

ஓயாவின் ஒரு கரை தோட்டம். அந்தக் காணி அரசாங்கத்துடையது, 1992க்குப் பிறகு கம்பனி குத்தகையில் வைத்திருக்கிறது. மறு கரை வேறு. 1987ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கப் பிரதேச சபைகள் சட்டத்தின் 33ஆம் பிரிவு, தோட்டக் குடியிருப்புக்குள் சபைப் பணத்தைச் செலவிட முட்டுக்கட்டையாக இருந்தது. "அது தோட்டம், எங்களால் முடியாது" என்று முப்பது வருடம் பதில் சொன்னோம், நானும் சொல்லியிருக்கிறேன். 2018இல் அந்தப் பிரிவு திருத்தப்பட்டது. அதே வருடம்தான் அக்கரப்பத்தனைக்குத் தனியாகப் பிரதேச சபை இயங்கத் தொடங்கியது. ஆகவே "முடியாது" என்ற பதிலை இனி யார் தந்தாலும் எழுத்தில் கேளுங்கள்.

உங்களுக்கு வேண்டியவை: தோட்ட நிர்வாகத்தின் ஆட்சேபனை இல்லை என்ற கடிதம் (துரை, அதாவது தோட்ட முகாமையாளர், வாயால் "செய்ங்க" என்றது கடிதம் ஆகாது, அடுத்த துரை வந்தால் அதுவும் போய்விடும்), மண்சரிவு அபாயம் பற்றித் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் பரிந்துரை, தொழில்நுட்ப உத்தியோகத்தரின் மதிப்பீடு. இவற்றை விட முக்கியமானது சபைத் தீர்மானம். அதில் "பாலம் அமைக்க" என்று மட்டும் இருந்தால் போதாது, "பொறுப்பேற்றுப் பராமரிக்க" என்றும் இருக்க வேண்டும்.

பொகவந்தலாவை_மழை (25 ஜனவரி)

அந்தக் கடைசி வரியை எல்லாரும் ரெண்டு தடவை வாசிங்க. எங்க பக்கம் ஒரு நல்ல மனுசர் காசு குடுத்து, நாங்க உடம்பால வேலை செஞ்சு அழகா ஒரு பாலம் கட்டினோம். திறப்பு விழாவுக்கு பால்சோறெல்லாம். மூணு வருசத்துல பலகை ஆணி கழண்டுச்சு. தோட்டத்துல கேட்டா "நாங்க கட்டல". வேற எடத்துல கேட்டா "எங்க பட்டியல்ல இல்ல". காசு குடுத்தவர் காலமாயிட்டார். ஒரு பலகை, ஒரே ஒரு பலகைக்கு எட்டு மாசம் அலைஞ்சோம். கடைசியில என் மச்சான் பழைய கதவு ஒண்ணைக் கொண்டுவந்து அடிச்சாரு. இன்னிக்கும் நடுவுல கதவுதான், பிடியோட இருக்கு.

பல்சர்_பாண்டி (26 ஜனவரி)

அப்போ என்னதான் சொல்றீங்க? கடிதம் வர்ற வரைக்கும் கம்பளியில தூக்கிக்கிட்டே இருக்கணுமா? நாம உழைச்சு ஏற்றுமதி பண்ற தேயிலைக்கு ஒரு பாலம் கட்டக்கூட அனுமதி கேட்டு கைகட்டி நிக்கணும். எனக்குப் பொறுமை இல்ல. நாங்க பத்துப் பேர் இருக்கோம், ஞாயித்துக்கிழமை மரம் வெட்டப்போறோம்.

பதுளை_வெயில் (26 ஜனவரி)

தம்பி சொல்ற கோவம் நியாயம்தான். ஆனா மரத்தை நிரந்தரம்னு நினைக்காதீங்க. எங்க பக்கம் ஹாலிஎலவுக்குக் கிட்ட போகொடையில, கல்லந்த ஓயா மேல, நூற்றுக்கணக்கான வருசத்து மரப்பாலம் இன்னும் நிக்குது. மரம் எப்படி இத்தனை காலம் நிக்குதுன்னு போய்ப் பார்த்தா தெரியும், வீடு மாதிரி மேல ஓட்டுக்கூரை போட்டிருக்காங்க. பலகை மேல மழை படாது. நீங்க மழையில திறந்து போட்ட சவுக்குக்கட்டை அடுத்த வருசமே பாசி பிடிச்சு வழுக்கும்.

வடம்பிடி (26 ஜனவரி)

பாண்டி, மரம் போடுங்கோ, தற்காலிகம் எண்டு தெரிஞ்சு போடுங்கோ. ரெண்டு பக்கமும் இடுப்புயரத்துக்குக் கயிறு. மேல கோழிக்கூட்டுக் கம்பிவலை அடிச்சால் வழுக்காது. ஒரு நுனியை மட்டும் மரத்தோட வடத்தால கட்டி, மற்ற நுனியைச் சும்மா வையுங்கோ. வெள்ளம் வந்தால் கதவு மாதிரிச் சுழண்டு கரையோட ஒதுங்கும், நீங்கள் திரும்பி இழுத்துப் போடலாம். ரெண்டு பக்கமும் இறுக்கிக் கட்டினால் உடைஞ்சுதான் போகும்.

பாறையில சிவப்பால ஒரு கோடு போடுங்கோ. தண்ணி அந்தக் கோட்டைத் தொட்டால் ஒருத்தரும் கடக்கக்கூடாது. பிள்ளையளுக்கு இதைச் சொல்லிக் குடுக்கிறது டீச்சரின்ர வேலை.

சாக்பீஸ் (26 ஜனவரி)

நாளைக்குக் காலைக்கூட்டத்துலயே சொல்றேன். கோடு தொட்ட நாள்ல வராத பிள்ளைக்கு நான் ஏன்னு கேக்க மாட்டேன்னும் சொல்லிடுறேன்.

ஓயாக்கரை (22 பெப்ரவரி)

நாலு வாரமா எழுதல, மன்னிச்சிருங்க. நடந்தது இது.

மரப்பாலம் போட்டாச்சு. பாண்டியும் பசங்களும் ரெண்டே நாள்ல முடிச்சாங்க. கம்பிவலை அடிச்சது, ஒரு பக்கம் வடம். ஒரு தடவை தண்ணி வந்து சுழண்டு ஒதுங்கிச்சு, அண்ணன் சொன்ன மாதிரியே. காலையில ஆறு பேர் இழுத்துப் போட்டோம்.

லீக்ஸ் ஐயா வீட்டுக்குப் போனேன். தேத்தண்ணி குடுத்து, அவரே என்னைக் கூட்டிக்கிட்டு அந்தச் சிங்கள கிராமத்து மரண உதவிச் சங்கத் தலைவர்கிட்ட போனாரு. அவங்க மகஜரை சிங்களத்துல எழுதிக் குடுத்தாங்க, எங்க தமிழ் மகஜரோட ஒரே உறையில வெச்சோம். மேல பாறை இருக்கிற எடத்துக்கு ரெண்டு பக்கமும் சம்மதம்.

2016ஆம் வருசத்துத் தகவல் அறியும் சட்டத்துல, பழைய அடிக்கல்லுங்களுக்கு எவ்வளவு ஒதுக்கினீங்கன்னு கேட்டு ஒரு விண்ணப்பம் போட்டேன். பதினாலு வேலை நாளுக்குள்ள முடிவு சொல்லணுமாம், சொல்லிட்டாங்க. கேட்ட எடத்துல இருந்து வந்த பதில், ரெண்டு கல்லுக்கு மதிப்பீடே தயாரிக்கல. கல்லு மட்டும்தான். மூணாவது பத்தி பதிவே இல்லையாம். அந்தக் காகிதத்தையும் மகஜரோட இணைச்சாச்சு.

தோட்டத்துக் கடிதம் இன்னும் வரல. மூணு தடவை போனேன், நாலாவது தடவை டீச்சரும் வந்தாங்க. "அடுத்த வாரம்"னு எழுத்துல குடுத்திருக்காங்க. காசு விசயம்: வீட்டுக்கு ஒரு பேர் சேர்த்ததை இப்போதைக்குத் தொடல, கோயில் கமிட்டி பேருல பேங்க்ல கெடக்கு. சபை பொறுப்பேத்துக்கிட்டா கிடங்கு வெட்டுறது, கல்லு சுமக்கிறது எல்லாம் நாங்கன்னு எழுதியிருக்கோம். தீர்மானத்துல "பராமரிக்க"ங்கிற சொல் இல்லாட்டி கிடங்கு வெட்ட மாட்டோம்னும் பேசி வெச்சிருக்கோம். இதுக்குப் பாண்டிதான் முதல்ல கை தூக்கினாரு, நம்புங்க.

தோஹா_தம்பி (22 பெப்ரவரி)

எங்க பங்கையும் அதே கணக்குல போடுறோம். அப்பா பேர் வேணாம். பக்கத்துல உக்கார ஒரு சிமெண்ட் பெஞ்சு போடுவீங்களா? கொழுந்து மூட்டையோட வர்றவங்க இறக்கி வெச்சுட்டு மூச்சு விட. அதுல போட்டா போதும்.

தாத்தா_சொல்ல_எழுதுறேன் (22 பெப்ரவரி)

தாத்தா கேக்கிறாரு, அஞ்சடின்னு எழுதினீங்களா?

ஓயாக்கரை (22 பெப்ரவரி)

எழுதினோம். ஏன் அஞ்சடின்னு காரணமும் எழுதினோம். டீ.ஓ. (தொழில்நுட்ப உத்தியோகத்தர்) அதை வாசிச்சிட்டு கொஞ்ச நேரம் பேசல.

அவர் வர்ற செவ்வாய்க்கிழமை காலைல அளக்க வர்றாராம். போன தடவை கயித்துல அளந்ததுக்குச் சிரிச்சிட்டாரு. யார்கிட்டயாவது நீள டேப் இருக்கா?

லீக்ஸ்_பாத்தி (22 பெப்ரவரி)

என்கிட்ட இருக்கு, காணி அளந்தது. முப்பது மீற்றர். நுனி கொஞ்சம் கிழிஞ்சிருக்கும், ரெண்டாவது மீற்றர்ல இருந்து எண்ணணும்.